ஐந்தருவியில நாலுதான் விழுது

...நாலு! நாலுதான் சார் வரஞ்சிருக்கான் அந்தக் கார்ட்டூன்காரன்! நானும் வெரல விட்டு எண்ணிட்டேன், எம் மவ மஞ்சுவும் செல்போன்ல நிறுத்தி நிறுத்தி எண்ணிட்டா. ஐந்தருவின்னு போர்டு வரஞ்சிருக்கான், அதுக்குக் கீழ நாலு அருவி விழுது. பாக்குறவன் என்ன நெனைப்பான்? மீதி ஒண்ண குத்தாலத்துக்காரன் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு போயிட்டான்னு நெனைப்பானா மாட்டானா?

துண்டா? துண்டு எங்க சார் ஓடிரப் போவுது, தாரேன். நீலமா, செவப்பா? இப்ப வாங்கி என்ன செய்யப் போறிய? அங்கன பாருங்க, அருவி முன்னால கெட்டிருக்க ஆர்ச்சத் தாண்டித் தண்ணி அடிக்கி. குளிக்கத் தடை. போலீசு கயித்தக் கெட்டிட்டு நிக்காவ. வெள்ளம் வடிய எப்படியும் ஒரு மணி நேரம் ஆவும். உக்காருங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்கிடுங்க. கால் ஒண்ணு ஆடும், சாஞ்சிராதிய.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், எட்டாம் நம்பர் வீடு. நீங்க பாக்குறதுண்டா? ஞாயித்துக்கெழமை காலையில பத்தரைக்கு, கார்ட்டூனு. சின்னப் புள்ளைய பாக்குறதுன்னு நெனைக்காதிய சார். பத்தொம்பது வருசமா ஓடுது! அப்பன் கும்பலிங்கம், வழுக்கை, எந்த வேலைக்குப் போனாலும் மூணாம் நாளு தொரத்தி விட்ருவான். பொண்டாட்டி சரசு. மவ டிக்கி. அது ஆரம்பிக்கும்போது எம் மவளுக்கு எட்டு வயசு, டிக்கிக்கும் எட்டு வயசு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வளந்தாவன்னு சொல்லலாம்னு பாத்தா, மஞ்சுவுக்கு ரெண்டு புள்ள ஆயாச்சு, டிக்கி இன்னும் மூணாங் கிளாஸ்லேயே கெடக்கா. அது பரவாயில்ல. கார்ட்டூன்ல வயசு ஏறாது. நமக்கும் அப்பிடி இருந்தா முட்டுவலிக்குத் தைலம் வாங்க வேண்டாம்லா?

ஆனா கத நல்லா இருக்கும் சார். ஒரு எபிசோடு, சரசு ஸ்கூட்டர் ஓட்டப் படிக்கா. கும்பலிங்கம் பின்னாலயே பிடிச்சிக்கிட்டு ஓடுதான். அவ நேரா போயி ஒரு கல்யாணப் பந்தல்ல ஏறுதா, மாப்பிள்ள கழுத்துல கெடந்த மால இவ கழுத்துக்கு வந்துருது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு நொந்துட்டு. கடைசியில ஒருவழியா படிச்சிட்டா. தனியா வண்டிய எடுத்துக்கிட்டு மொத மொத எங்க போறான்னு நெனைக்கிய? ஒம்பதாங் கிளாஸோட அவள நிறுத்துனாவள்லா, அந்தப் பள்ளிக்கூடத்துக்கு. வாசல்ல வண்டிய நிறுத்தி செத்த நேரம் பாக்கா. பெறவு திரும்பி வீட்டுக்கு வாரா. "எங்கட்டி போன?"ன்னு புருசங்காரன் கேக்கான். "பெட்ரோல் போடப் போனேன்"ங்கா. அவ்வளவுதான் சார், முடிஞ்சு போச்சு. நான் கடையில உக்காந்து ஒரு துண்டு முழுக்க நனையிற அளவுக்கு அழுதேன். அந்தத் துண்ட அப்புறம் யாருக்கும் விக்கல, நானே வச்சுக்கிட்டேன்.

அப்படிப்பட்ட கதயில குத்தாலத்துக்கு வாறாவன்னு விளம்பரம் போட்டா, நமக்கு எப்படி இருக்கும்? இருவத்திரெண்டு வருசமா இந்த மெயினருவி வாசல்ல துண்டுக்கடை வச்சிருக்கவ நான். கும்பலிங்கம் குடும்பம் என் கடைக்கு முன்னால நடந்து போகப் போவுது! போற வாற எல்லார்ட்டயும் சொன்னேன். டீக்கடையில சொன்னேன், கோயில் வாசல்ல சொன்னேன், தென்காசி பஸ் ஸ்டாண்டுல தெரியாத ஒரு அம்மாட்டக் கூடச் சொன்னேன்.

வந்தாவ சார். வந்து என்ன செஞ்சான்னு கேளுங்க. ஆனி மாசம்னு சொல்லுதான், வானத்துல வெயில் கொளுத்துது. சாரலே இல்ல! ஒரு பொட்டுத் தூத்தல் கூட இல்ல! சீசன்ல குத்தாலத்துல வெயிலடிச்சா நாங்க எதுக்குச் சார் மூணு மாசம் ஈர நைட்டிய இடுப்புல சொருகிக்கிட்டு அலையுதோம்? அப்புறம் ரம்புட்டான் பழம். அது மரத்துல காய்க்கும்லா? இவன் பூசணி மாதிரி கொடியில படர விட்ருக்கான். குரங்கு வந்து கும்பிட்டு, "பழம் தாங்க"ங்குற மாதிரி கைய நீட்டுது. இங்கன உள்ள குரங்கு என்னைக்கிச் சார் கேட்டு வாங்கிருக்கு? போன வாரம் ஒரு கோயமுத்தூர்க்காரரு மூக்குக் கண்ணாடியக் கொண்டு போயி, மரத்து மேல உக்காந்து போட்டுப் பாக்குது. அவரு கீழ நின்னு "அது ரீடிங் கிளாஸுடா"ன்னு அதுக்குப் புத்தி சொல்லுதாரு!

அப்புறம் பேச்சு. குத்தாலத்துக்காரன்னு ஒருத்தன காட்டுதான், "வாங்கண்ணா, போங்கண்ணா"ங்கான். எந்த ஊருலவே இருக்க நீ? ஒரு "ஏலே" இல்ல, ஒரு "அங்கன" இல்ல. நீங்க எந்தூரு சார்? ...ஈரோடா. உங்கள ஒண்ணும் சொல்லல சார். உங்க ஊருல அப்பிடிப் பேசுனா அழகாத்தான் இருக்கும்.

இதுல இன்னொரு கொடும கேளுங்க. துண்டு விக்கிற பொம்பள ஒருத்திய வச்சிருக்கான். இந்தப் பெரிய மூக்கு. வாய் மட்டும் மூஞ்சில பாதிக்கு இருக்கு. அவ பேச ஆரம்பிச்சா கும்பலிங்கத்துக்குத் தாடி மொளைக்குது சார்! கையளவு தாடி! டிக்கி ஸ்டூல்லயே தூங்கி, எந்திச்சு, திரும்பத் தூங்குதா. அவ இன்னும் பேசிக்கிட்டே இருக்கா. எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிக்காவ. ஏன் சிரிக்காவன்னே எனக்கு வெளங்கல. குத்தாலத்துல துண்டு விக்கிறவ நான் ஒருத்திதானா?

நேரம் பாக்காதிய சார். தண்ணி வடியல. வடிஞ்சா விசில் அடிப்பாவ.

விசிலுன்னதும் இன்னொண்ணு இருக்கு. அதையுஞ் சொல்லிருதேன்.

அன்னைக்கு எங்கடை டிவிய வெளிய தூக்கி வச்சேன். இங்கன விக்கத் தொங்குத இந்த நைட்டி எல்லாத்தையும் ஒதுக்கிட்டு, அந்தப் பெட்டி மேல. முப்பது நாப்பது பேரு கூடிட்டாவ. முன்னால பிளாஸ்டிக் சேர்ல யாரு தெரியுமா? மூர்த்தி அண்ணாச்சி. கணேசமூர்த்தின்னு முழுப்பேரு. ரிட்டயர்டு ஏட்டு. இந்தா பக்கத்துல நேந்திரங்கா சிப்ஸ் போடுதாவள்லா, உலகம்மக்கா, அவிய வீட்டுக்காரரு. அந்தப் பக்கம் பலவேசம் அண்ணன், மசாஜ் பண்ணுதவரு. உலகம்மக்கா கடை ஓரமாத்தான் பெஞ்சு போட்டுருப்பாரு. அண்ணாச்சியும் அவரும் தெனமும் காலையில ஒரு டீய ரெண்டு கிளாஸ்ல ஊத்திக் குடிக்கிற சிநேகம்.

மூர்த்தி அண்ணாச்சியப் பத்தி உங்களுக்குத் தெரியாது. வேலைய விட்டு ஆறு வருசம் ஆச்சு, இன்னும் கழுத்துல விசில் தொங்கும். தெனமும் வந்து அருவியப் பாத்துக்கிட்டு நிப்பாவ. தண்ணி லேசா நெறம் மாறுனாப் போதும், மேல மலையில மழை பெஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சிருவாவ. இவிய விசில் அடிச்சப் பெறவுதான் வெள்ளமே வரும். இளவட்டப் போலீசெல்லாம், "அண்ணாச்சி, இன்னைக்கு எப்பிடி?"ன்னு இவியட்டத்தான் வந்து கேக்கும். அம்புட்டு மருவாதி.

கார்ட்டூன்ல ஒரு ஏட்டு வாறாரு சார். தொப்பை, மீசை, விசிலு. "எல்லாரும் வெளிய வாங்க! பயப்படாம வாங்க!"ன்னு சத்தம் போடுதாரு. கூட்டமெல்லாம் போனப் பெறவு அந்த ஏட்டு இங்கிட்டும் அங்கிட்டும் பாக்காரு. மெல்ல பாறைக்குப் பின்னால போறாரு. ஒரு பச்சை பிளாஸ்டிக் மக்கு எடுக்காரு. கொழாய்த் தண்ணியில மொண்டு தலையில ரெண்டு மக்கு ஊத்திக்கிடுதாரு. துண்டால தொவட்டிக்கிட்டு வெளிய வந்து, "ஆஹா, அருவிக் குளியல்னா அருவிக் குளியல்தான்"ங்காரு!

எல்லாரும் சிரிக்காவ. நானும் சிரிச்சேன். பழக்க தோசம். பாதிச் சிரிப்புல திரும்பிப் பாக்கேன், அண்ணாச்சி அசையாம உக்காந்திருக்காவ. காது மட்டும் செவந்துருக்கு. முன்னால இருந்த பய ஒருத்தன், "அண்ணாச்சி, உங்கள மாதிரியே இருக்குல்லா?"ன்னான். அவன் சும்மா வெளையாட்டுக்குக் கேட்டான். அண்ணாச்சி எந்திச்சாவ. சேரத் தூக்கி ஓரமா வச்சாவ. போயிட்டாவ. விளம்பரம் முடியறதுக்குள்ள பாதிப் பேருக்கு வெளங்கிட்டு. ஏன்னா அது நெசம் சார். முப்பது வருசமா அண்ணாச்சி அருவிக்குள்ள எறங்குனதே இல்ல. மக்குல மொண்டு ஊத்திக்கிட்டு ஈரத் தலையோட வருவாவ. யாரும் யோசிச்சதில்ல, ஈரத் தலையப் பாத்தா குளிச்சாச்சுன்னுதான நெனைப்போம்?

மறுநாளு காலேஜ் பயலுவ நாலு பேரு ஆளுக்கு ஒரு மக்கோட வந்து நிக்கானுவ. "அண்ணாச்சி, அருவி வேணுமா, கொழா வேணுமா?" அதுக்கு அடுத்த நாளு அவிய வீட்டுக் கேட்டுல எவனோ பச்சை மக்கு ஒண்ணக் கெட்டித் தொங்க விட்டுருக்கான். அன்னையிலருந்து அண்ணாச்சி இந்தப் பக்கம் வரல. மூணு வாரம் ஆச்சு.

உலகம்மக்கா நேரா எங்கடைக்கு வந்தா. "மாரித்தாயி, நான் ஒங்கிட்ட மட்டும்தான சொன்னேன்?"ன்னு கேட்டா. சத்தம் போடல சார். சத்தம் போட்டிருந்தா நானும் போட்டிருப்பேன், வேல முடிஞ்சிருக்கும். மெதுவாக் கேட்டா. எனக்குப் பயம். நான் என்ன சொன்னேன்னா...

நீங்க ஈரோட்டுக்குப் போயிருவிய, உங்ககிட்டச் சொல்லலாம். "எனக்கென்னக்கா தெரியும், பலவேசம் அண்ணங்கிட்ட அண்ணாச்சி வாரா வாரம் தோள்பட்ட புடிச்சு விடச் சொல்லுவாவள்லா, எண்ணெ தேய்க்கையில அசந்து ஒளறிருப்பாவ"ன்னுட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலமே பலவேசம் அண்ணன் பெஞ்சு ரோட்டுல கெடந்துச்சு. அவருக்கு என்னன்னே தெரியல. "ஏன் உலகம்மா, நான் என்ன செஞ்சேன்?"ங்காரு. அக்கா நேந்திரங்காய அரிஞ்சிக்கிட்டே இருக்கா. அவரு பெஞ்சத் தலையில தூக்கிக்கிட்டு ஐந்தருவி ரோட்டுக்குப் போயிட்டாரு. அங்கன இவர யாருக்குத் தெரியும்? போற காரெல்லாம் நிக்காமப் போவுது. நேத்து பஸ்ஸுல போறப்ப பாத்தேன். தன் காலத் தானே புடிச்சு விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. என்னயப் பாத்துக் கையாட்டுனாரு சார். நான் குனிஞ்சு செருப்பத் தேடுத மாதிரி குனிஞ்சிக்கிட்டேன்.

அப்ப அந்தக் கார்ட்டூன்காரனுக்கு எப்பிடித் தெரியும்னு கேக்கியளா? கேக்கலயா? கேளுங்க, கேட்டாத்தான் சொல்ல முடியும்.

போன சீசன்ல இதே மாதிரி தடை. இதே ஸ்டூலு. ஒரு பையன் வந்து உக்காந்தான். கண்ணாடி போட்டு, ஒல்லியா, பேரு கேஷவ்னான். எழுதுற வேலைன்னான். நான் ஏதோ ஆபீஸ்ல கணக்கு எழுதுறான் போலன்னு விட்டுட்டேன். அவனும் உங்கள மாதிரிதான், வாயத் தொறக்கல. கேட்டுக்கிட்டே இருந்தான். மூணு மணி நேரம்! அப்படி ஒரு ஆளு கெடைச்சா யாரு சார் விடுவா? எங்க வீட்டுல நான் வாயத் தொறந்தாலே டிவி சத்தத்தக் கூட்டுதாவ.

நான் குறை சொல்லி டிவிக்காரனுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன், பதினோரு நிமிசம். ரெண்டாம் நாளே அந்தக் கேஷவ் போன் போடுதான். "அம்மா, நல்லா இருக்கியளா? எபிசோடு பாத்தியளா? எல்லாம் நீங்க சொன்னதுதான்!" அவ்வளவு சந்தோசமாச் சொல்லுதான். நான் விடுவேனா? "ஏம்ப்பா, ஐந்தருவியில எதுக்கு நாலு வரஞ்ச?"ன்னு கேட்டேன். "நீங்கதான சொன்னிய, அங்க ஒண்ணு அடச்சுக் கெடக்கு, நாலுதான் விழுது, அங்க போவாதன்னு?" ஆமா சார், சொல்லிருக்கேன். எல்லார்ட்டயும் அதத்தான் சொல்லுவேன். அங்க போனா அங்கன உள்ள கடையிலதான துண்டு வாங்குவாவ! "வெயிலு?"ன்னேன். "துண்டு அரை மணி நேரத்துல காஞ்சிரும், அப்படி வெயிலடிக்கும்னு சொன்னிய"ங்கான். "ரம்புட்டான் கொடி?" "உங்க மாமியா வீட்டுல பந்தல் போட்டுக் காய்க்குதுன்னு சொன்னிய." அது எப்பச் சொன்னேன்னு எனக்கே தெரியல. பேச்சு வேகத்துல வந்திருக்கும். எம் மாமியா வீட்டுல மொளகாச் செடி கூட கெடையாது.

சிரிக்கியளா? சிரிங்க. நானும் போன்ல சிரிச்சேன். அப்புறம் அவன், "ஏட்டு சீன் எப்பிடிம்மா? அதுதான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு"ன்னான். எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு.

ஏன்னா அவன்கிட்ட நான் பாதிதான் சொன்னேன் சார். சிரிக்கிற பாதிய மட்டும்.

மிச்சப் பாதி இருக்கு. முப்பது வருசத்துக்கு முன்னால அண்ணாச்சி இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த புதுசு. ஒருநா திடீர்னு வெள்ளம். விசில் அடிச்சு எல்லாரையும் ஏத்தி விட்டாவ. ஒரு ஆளு மட்டும் வழுக்கி விழுந்துட்டான். அண்ணாச்சி குப்புறப் படுத்து அவன் கையப் புடிச்சிட்டாவ. புடிச்ச கை சார். சரியாப் புடிச்ச கை. ஆனா அந்தாளு மேலு முழுக்க எண்ணெ. தலையிலருந்து கால் வரைக்கும் தேச்சிட்டு வந்திருக்கான். வழுக்கிக்கிட்டுப் போயிட்டான். அன்னையிலருந்து அருவிச் சத்தத்துக்கு அடியில தலையக் கொண்டு போக அண்ணாச்சியால முடியல. ஆனா ஒருநாளு கூட இந்த எடத்த விட்டுட்டுப் போவல. வேற ஊருக்கு மாத்தல் கேட்டுருக்கலாம்லா? கேக்கல. பெறவு அவிய நின்ன நாளுல ஒரு உசுரு போனதில்ல. உலகம்மக்கா இத எங்கிட்டச் சொல்லும்போது அழுதா. "யார்ட்டயும் சொல்லாத"ன்னா. நான் அந்த அழுகைய மறைச்சு வச்சுட்டு மக்க மட்டும் வெளிய எடுத்து வித்துட்டேன். ஏன் அப்பிடிச் செஞ்சேன்? அந்தப் பையன் அப்பத்தான் மொத தடவ சிரிச்சான். ஒரு ஆளு சிரிச்சா எனக்கு நிறுத்த முடியாது சார், அதான் என் வியாதி.

நானும் மூணு வாரமா அந்த எபிசோடு மொக்க, மொக்கன்னு போறவன் வாறவன்கிட்ட எல்லாம் திட்டிக்கிட்டு இருக்கேன். சரசு பள்ளிக்கூட வாசல்ல நின்னாள்லா, அந்த மாதிரி ஒண்ணு இதுல இல்ல, சும்மா சிரிப்பாக் காட்டிட்டுப் போயிட்டான்னு. எப்பிடிச் சார் இருக்கும்? நான் சொன்னாத்தான இருக்கும்?

இன்னைக்குக் காலையில நீங்க வரதுக்கு முன்னால என்னாச்சு தெரியுமா? தண்ணி நெறம் மாறுது. எனக்கே தெரியுது. அங்கன நிக்கிற போலீஸ்காரப் புள்ள ஊருக்குப் புதுசு, அதுக்கு எப்பிடித் தெரியும்? அண்ணாச்சி நிக்கிற எடம் காலியாக் கெடக்கு. வெள்ளம் வந்தப் பெறவுதான் விசில் வந்துச்சு. ஒரு பொம்பளப் புள்ள விழுந்து முட்டிய ஒடைச்சிக்கிட்டா. நல்லவேள, கம்பியப் புடிச்சிட்டா. அவ அம்மா போட்ட சத்தம் இருக்கே... அதுலருந்து எனக்குக் கை ஓடல. அதான் உங்களப் புடிச்சு உக்கார வச்சேன்.

சொல்லணும் சார். உலகம்மக்காட்டச் சொல்லணும், எனக்குத் தெரியாமயா இருக்கு? நாலு எட்டு வச்சா அவ கடை. ஆனா அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடிச் சொல்ல? உங்ககிட்டன்னா லேசா வருது... சரி, இருங்க, விசில் சத்தம் கேக்கு, கயித்த அவுக்கப் போறாவ போல. இந்தா, இந்த நீலத் துண்ட எடுத்துக்கிடுங்க, இதுதான் சாயம் போவாது. நெசமாவே போவாது சார், சத்தியமாச் சொல்லுதேன்...

சார்?

ஏ சார்! எங்க போனாரு மனுசன்? ஸ்டூலு காலியாக் கெடக்கு... துண்டு கூட வாங்காமப் போயிட்டாரே! எப்பப் போனாரு? அண்ணாச்சி கதைய முழுசாக் கேட்டாரா இல்லையா?

அது யாரு, நைட்டிக்குப் பின்னால? காலு தெரியுது. ஏட்டி மஞ்சுவா? பக்கத்துக் கடை ஆளா? யாரு நின்னு...

உலகம்மக்கா.

எப்ப வந்த? ...சில்லறை கேக்க வந்தியா. எவ்வளவு நேரம்... அவ்வளவு நேரமாவா?

அழாதக்கா. இல்ல, அழு. என்னயத் திட்டு. அந்த அரிவாமணைய எடுத்துக்கிட்டு வேணும்னாலும் வா. ஆனா இப்பிடிப் பாக்காத.

...ஆமா. நான்தான். ...ஆமா, பலவேசம் அண்ணன் ஒண்ணுஞ் சொல்லல. அவருக்கு மக்கும் தெரியாது, மண்ணும் தெரியாது.

...சரிக்கா. மொதல்ல பலவேசம் அண்ணங்கிட்ட. போறேன். நானே போயி, நானே சொல்லி, நானே பெஞ்சத் தூக்கிக்கிட்டு வாரேன். ...அப்புறம் உங்க வீட்டுக்கா? அண்ணாச்சி முன்னால நிக்கணுமா? ...நிக்கேன். அந்தக் கேஷவுக்குப் போன் போட்டு மிச்சக் கதையவும் சொல்லி... வேண்டாமா? ...சரிதான், அது அண்ணாச்சி கத. அவிய வாயால வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். நான் சொல்லல. யார்ட்டயும் சொல்லல.

கடைய யாருக்கா பாக்க? ...நீயா? ...நெசமாவா சொல்லுத?

இல்ல, இல்ல, கேள்வி கேக்கல. கிளம்பிட்டேன். ஆட்டோ பிடிக்கட்டுமா? ...நடந்தா? ஐந்தருவி ரோட்டு வரைக்குமா? ...என்ன சொல்லணும்னு யோசிச்சுக்கிட்டே நடக்கணுமா.

...வாயத் தொறக்காம.

சரிக்கா.